வோல்ட், ஆம்பியர், ஓம்: மழைக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு



கரண்ட் பில் வரும் மாதத்தில் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் இரண்டு பேச்சு தவறாமல் கேட்கும். ஒன்று, “மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது.” இன்னொன்று, “பிளக் கருகிப் போச்சு, வேற வாங்கி மாட்டினேன், அதுவும் கருகிப் போச்சு.” இந்த இரண்டுக்கும் பதில் ஒரு பெருக்கலிலும் ஒரு வகுத்தலிலும் இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடுவது ஏன் ஆபத்து என்பதும் அதே வகுத்தலில் தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் உள்ள பாடம்தான் இது. பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வீட்டிலோ அது தினமும் தேவைப்படுகிறது. இந்த இதழை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

மூன்று சொற்கள்

நம் ஊரில் வீடுகள் சரிவில் இருக்கின்றன. மேட்டில் தொட்டி, கீழே வீடு, நடுவில் பைப். தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும். அந்தத் தள்ளும் வலிமைதான் மின்சாரத்தில் மின்னழுத்தம். அதை வோல்ட் கணக்கில் அளக்கிறோம். பைப்பில் ஓடும் தண்ணீரின் அளவைப் போன்றது மின்னோட்டம். அதன் அளவு ஆம்பியர். பைப் குறுகலாகவோ நீளமாகவோ இருந்தால் தண்ணீர் குறைந்து வருகிறதல்லவா, அந்தத் தடைக்கு மின்சாரத்தில் மின்தடை என்று பெயர். அதன் அளவு ஓம்.

இந்த மூன்றுக்கும் உள்ள உறவை 1827-ல் தன் நூலில் விளக்கியவர் ஜார்ஜ் சைமன் ஓம். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் சொன்ன விதி:

மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை

இதைத் திருப்பிப் போட்டால்:

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை

இதோடு மின்திறனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சாதனம் ஒரு நொடியில் எவ்வளவு ஆற்றலை எடுத்துக்கொள்கிறது என்பதே மின்திறன். அதன் அளவு வாட்.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மீட்டர் எண்ணுவதும் பில்லில் வருவதும் இதுதான்.

வீட்டுச் சாமான்களின் கணக்கு

நம் வீடுகளுக்கு வர வேண்டிய அழுத்தம் 230 வோல்ட். எந்தச் சாதனத்தைத் திருப்பிப் பார்த்தாலும் அடியிலோ பின்னாலோ வோல்ட்டும் வாட்டும் அச்சிட்டிருக்கும். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 230-ஐ அந்த ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும்.

• எல்.இ.டி பல்பு, 9 வாட்: 0.04 ஆம்பியர்
• ஃபேன், 75 வாட்: 0.33 ஆம்பியர்
• மிக்ஸி, 750 வாட்: 3.3 ஆம்பியர்
• இஸ்திரிப் பெட்டி, 1000 வாட்: 4.35 ஆம்பியர், 53 ஓம்
• ஹீட்டர் ராடு, 1500 வாட்: 6.5 ஆம்பியர், 35 ஓம்
• தொட்டி கீசர், 2000 வாட்: 8.7 ஆம்பியர், 26 ஓம்
• உடனடி கீசர், 3000 வாட்: 13 ஆம்பியர், 18 ஓம்

ஃபேன், மிக்ஸி போன்றவற்றுக்கு ஓம் எழுதவில்லை. மோட்டார் உள்ள சாதனங்களில் சுருளின் காந்த வேலையும் சேர்ந்துகொள்வதால் இந்த நேர்க்கணக்கு அப்படியே பொருந்தாது. சூடாக்கும் சாதனங்களுக்குத் துல்லியமாகப் பொருந்தும். வீட்டில் பில்லை ஏற்றுவதும் வயரைச் சுட வைப்பதும் பெரும்பாலும் சூடாக்கும் சாதனங்களே என்பதால் நமக்கு இது போதும்.

இந்தப் பட்டியலில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. மின்தடை குறையக் குறைய ஓட்டமும் வாட்டும் கூடுகின்றன. சின்ன ஓம் என்றால் பெரிய பில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வாட் எழுதியிருப்பது அழிந்துபோன பழைய சாதனம் என்றால் என்ன செய்வது? பல டிஜிட்டல் மீட்டர்களில் வோல்ட்டும் ஆம்பியரும் மாறி மாறித் தெரியும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் ஓட விட்டுப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டபோது 225 வோல்ட், 4.2 ஆம்பியர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 225 × 4.2 = 945 வாட். 225 ÷ 4.2 = சுமார் 54 ஓம். ஆக அது 1000 வாட் பெட்டி, நல்ல நிலையில் இருக்கிறது.

“மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது” என்ற சந்தேகத்துக்கும் சோதனை உண்டு. மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பதும் மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 1000 வாட் ஓடும்போது நிமிடத்துக்கு 53 முறை மின்ன வேண்டும். எண்ணிப் பாருங்கள். பிறகு வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து, பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். அப்போதும் மின்னிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது உங்கள் மீட்டரிலிருந்து வேறெங்கோ வயர் போகிறது. உடனே எலக்ட்ரீஷியனை வரவழைக்க வேண்டும்.

வெந்நீரும் பில்லும்

கூடலூர்க் குளிரில் சுப்ஹுக்கு எழுந்து ஒளுச் செய்யவும், பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பவும் வெந்நீர் இல்லாமல் முடியாது. ஒரு வாளி வெந்நீருக்கு எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்று பார்ப்போம்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். 15 லிட்டர் வாளி, 30 டிகிரி கூட வேண்டும் என்றால் 15 × 30 × 4.2 = 1890 கிலோ ஜூல். ஒரு யூனிட் என்பது 3600 கிலோ ஜூல். ஆகவே ஒரு வாளி வெந்நீருக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி என்றால் இரண்டு மாத பில்லில், 60 நாளைக்கு, 157 யூனிட். அரசு தரும் முதல் 100 யூனிட் இலவசமும் வெந்நீருக்கே போய், அதற்கு மேலும் போய்விடுகிறது. மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது.

“வாட் குறைந்த ராடு வாங்கினால் கரண்ட் மிச்சம்” என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது சரியல்ல. 2000 வாட் கீசர் அந்த வாளியை 16 நிமிடத்தில் சூடாக்கும். 1000 வாட் ராடு 32 நிமிடம் எடுக்கும். இரண்டிலும் யூனிட் ஒன்றுதான். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் தண்ணீரைக் குறைக்க வேண்டும், அல்லது சூட்டைக் குறைக்க வேண்டும். கீசரைப் போட்டுவிட்டு மறந்துவிடுவதையும், ஒருவர் குளித்து ஒரு மணி நேரம் கழித்து அடுத்தவர் குளிப்பதையும் நிறுத்தினால், தொட்டி ஆறி ஆறி மறுபடி சூடாகும் வீண் செலவு நிற்கும். வீட்டுக் கூரையில் வெயில் விழும் இடமிருந்தால் சூரிய வெந்நீர்த் தொட்டி நல்லது. ஆனால் ஆனி, ஆடி மழையில் அதை நம்பியிருக்க முடியாது.

இன்னொரு கோட்டையும் கவனியுங்கள். 2022 செப்டம்பர் கட்டண மாற்றம் முதல், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு, 101 முதல் 200 யூனிட் வரையுள்ள குறைந்த கட்டணம் கிடைக்காது. கூடுதல் யூனிட்டுகளுக்கும் உயர்ந்த விலை. 490-ல் நிற்கும் வீட்டுக்கும் 510-ல் நிற்கும் வீட்டுக்கும் யூனிட்டில் வித்தியாசம் 20-தான். பில்லில் வித்தியாசம் அதைவிட மிகப் பெரியது. மாத நடுவில் ஒருமுறை மீட்டரைப் பார்த்து எழுதி வைத்தால் இதைத் தவிர்க்கலாம்.

லோ வோல்டேஜ் வந்தால்

மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும் பகுதிகள் நம் பக்கத்தில் உண்டு. அப்போது 2000 வாட் கீசர் என்ன ஆகும்? அதன் தடை 26.45 ஓம்; அது மாறாது. 180 ÷ 26.45 = 6.8 ஆம்பியர். 180 × 6.8 = 1225 வாட். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. திறன் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. அழுத்தம் குறையும்போது ஓட்டமும் சேர்ந்து குறைவதால் இப்படி ஆகிறது. 16 நிமிடத்தில் சூடாகும் வாளிக்கு 26 நிமிடம் ஆகும். நேரம்தான் நட்டம், பில் கூடாது.

ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார் கதை வேறு. அவை குறைந்த அழுத்தத்திலும் அதே வேலையைச் செய்ய முயன்று அதிக ஓட்டத்தை இழுக்கும். சுருள் சூடேறிக் கருகும். லோ வோல்டேஜ் நேரத்தில் மோட்டார் போடாதீர்கள். ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைப்பது நல்லது.

பிளக் ஏன் கருகுகிறது?

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம் என்றோம். மின்னழுத்தத்துக்குப் பதிலாக ‘மின்னோட்டம் × மின்தடை’ என்று எழுதினால் இப்படி ஆகும்:

மின்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை

வயரில் உண்டாகும் சூட்டைச் சொல்வது இதுதான். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

கீசர் பிளக்கின் முள் சாக்கெட்டில் இறுக்கமாக உட்காராமல், அந்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை இருக்கிறது என்று வைப்போம். ஓட்டம் 8.7 ஆம்பியர். 8.7 × 8.7 × 0.5 = 38 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கப் பிடிக்கும் சால்டரிங் ராடு 25 வாட்தான். அதைவிட அதிகச் சூடு, விரல் நுனி அளவு இடத்தில், தினமும் கால் மணி நேரம். பிளாஸ்டிக் கருகாமல் என்ன செய்யும்? பிளக்கை மட்டும் மாற்றினால் தீராது. தளர்ந்த சாக்கெட்டையும் மாற்ற வேண்டும், உள்ளே வயர் ஸ்குரூவையும் இறுக்க வேண்டும்.

மேலேயுள்ள பட்டியலை மறுபடி பாருங்கள். நம் வீடுகளின் சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. 1500 வாட் ராடே 6.5 ஆம்பியர் எடுக்கிறது. ராடு, கீசர், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் 16 ஆம்பியர் பாயிண்டில் மட்டுமே மாட்ட வேண்டியவை. மெல்லிய வயர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ராடும் இஸ்திரிப் பெட்டியும் சேர்த்துப் போட்டால் 6.5 + 4.35, கிட்டத்தட்ட 11 ஆம்பியர். அந்த வயரைச் சுருட்டி வைத்திருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உருகும். இரவில் பிள்ளைகள் தூங்கும் அறையில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தூரத்திலிருந்து இழுக்கும் வயர்

கூடலூருக்கே உரிய ஒரு சிரமம் உண்டு. 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நிலச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களில் குடியிருப்பவர்கள் மின் இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வரலாறு நமக்கெல்லாம் தெரியும். அந்த நெருக்கடியில் பக்கத்து வீட்டிலிருந்து மெல்லிய வயரை மரத்துக்கு மரம் கட்டி இழுத்துக்கொள்வது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஒருவர் இணைப்பிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது மின்வாரிய விதிப்படி தவறு. கணக்கும் அதையே சொல்கிறது.

1 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரின் தடை 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 ஓம். போக ஒரு வயர், திரும்ப ஒரு வயர், ஆக 3.6 ஓம். கடைசியில் 2000 வாட் கீசர் மாட்டினால் மொத்தத் தடை 26.4 + 3.6 = 30 ஓம். ஓட்டம் 230 ÷ 30 = 7.7 ஆம்பியர். வயரிலேயே தொலையும் அழுத்தம் 7.7 × 3.6, சுமார் 28 வோல்ட். கீசருக்குக் கிடைப்பது 202 வோல்ட்தான். வயரில் வீணாகும் திறன் 200 வாட்டுக்கு மேல். ஃபேன் வேகமாகச் சுற்றும் அளவுக்கான மின்சாரத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் மரங்களையும் காற்றையும் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. இது வயர் புதிதாக இருந்தால். முறுக்கி டேப் ஒட்டிய இணைப்புகள் நடுவில் இருந்தால் ஒவ்வொன்றும் முன்பு சொன்ன கருகும் பிளக்தான், மழையில் நனைந்துகொண்டு.

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் 11,000 வோல்ட் லைனும் இதே கணக்கில்தான் அமைந்தது. 11,000 வாட் திறனை அந்த லைனில் அனுப்ப 1 ஆம்பியர் போதும். அதையே 230 வோல்ட்டில் அனுப்பினால் கிட்டத்தட்ட 48 ஆம்பியர் ஓட வேண்டும். அதே கம்பியில் சூட்டு நட்டம் 2,000 மடங்குக்கு மேல் ஆகும். 1932-ல் பைக்காரா மின் நிலையமும் 1952-ல் மோயாறு மின் நிலையமும் நம் மலையிலிருந்து சமவெளிக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கியபோதும் வழி இதுதான்: அழுத்தத்தை உயர்த்து, ஓட்டத்தைக் குறை. ஊருக்குள் டிரான்ஸ்ஃபார்மர் அதை மறுபடி இறக்கிக் கொடுக்கிறது.

ஈரக் கை

இனி மிக முக்கியமான வகுத்தல். நம் உடம்பும் ஒரு மின்தடைதான். உலர்ந்த தோல் ஒரு லட்சம் ஓம் வரைகூட இருக்கும். 230 ÷ 1,00,000 = 0.0023 ஆம்பியர், அதாவது 2.3 மில்லி ஆம்பியர். ஒரு சுரீர், கையை உதறிக்கொள்வோம். தோல் நனைந்துவிட்டால் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், 230 மில்லி ஆம்பியர். ஒரே வீடு, ஒரே கம்பி, ஒரே ஆள். ஈரம் மட்டும்தான் வித்தியாசம். ஓட்டம் நூறு மடங்கு.

10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசை இறுகிப் பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டினால் மூச்சு முட்டும். 100 அளவில் இதயத் துடிப்பே குலைந்துவிடும்.

“எங்க வீட்டில் எம்.சி.பி இருக்கு, டிரிப் ஆயிடும்” என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எம்.சி.பி வயரைக் காக்க வைத்தது. 16 ஆம்பியர் எம்.சி.பி 16-ஐத் தாண்டினால்தான் அசையும். ஆளைக் கொல்லும் ஓட்டம் அதில் கால் ஆம்பியர்கூட இல்லை. எம்.சி.பி-க்கு அது ஒரு சின்ன பல்பு எரிவது போலத்தான்.

எர்த் இருந்தால் போதுமா? எர்த் குழி காய்ந்து, கம்பி துருப்பிடித்து, அதன் தடை 100 ஓம் ஆகிவிட்டது என்று வைப்போம். கீசர் உடலில் மின்சாரம் கசிந்தால் எர்த் வழியாக ஓடுவது 230 ÷ 100 = 2.3 ஆம்பியர். எம்.சி.பி அப்போதும் அசையாது. கீசர் உடல் மின்சாரத்தோடு அப்படியே நிற்கும், குழாயைத் தொடுபவருக்காக.

இதற்கான பாதுகாப்பு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி, போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வழிதவறி உடம்பு வழியாகவோ எர்த் வழியாகவோ போனால், நொடியின் ஒரு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். இரண்டு வயரையும் இரண்டு கையால் பிடித்தால் அதற்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது விழவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

தேவாலா, பந்தலூர் பக்கம் ஆனி பிறந்தால் மழை விடாது. சுவரெல்லாம் ஈரம். அதற்கு முன்பே:

1. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தைச் சோதியுங்கள். ஆர்.சி.சி.பி இல்லாத வீட்டில் பொருத்துங்கள்.

2. வாளியில் ராடு போட்டால், ஸ்விட்சை அணைத்து பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். இரும்பு, சில்வர் வாளி வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ராடையே தவிர்ப்பது நல்லது.

3. கருகிய, தளர்ந்த சாக்கெட்டுகளை மாற்றுங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடிக்காதீர்கள்.

4. பன்றிக்கும் யானைக்கும் பயந்து வேலியில் வீட்டு மின்சாரம் கொடுக்கவே கூடாது. அது குற்றம். ஈரப் புல்லில் வெறுங்காலோடு வரும் மனிதருக்கும் மேலே சொன்ன வகுத்தலே. முறையான சோலார் வேலி மிகக் குறுகிய துடிப்புகளாக மட்டுமே மின்சாரத்தை விடும், இரண்டும் ஒன்றல்ல.

5. மரம் விழுந்து கம்பி அறுந்து கிடந்தால் அருகில் போகாதீர்கள், யாரையும் போக விடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு உடனே சொல்லுங்கள்.

6. யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அதற்கு முன் அவரைத் தொட்டால் நீங்களும் அதே வகுத்தலுக்குள் வந்துவிடுவீர்கள்.

பள்ளிவாசல், மதரஸா நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒளுச் செய்யும் இடத்தில் எல்லோரும் ஈரக் கையோடும் ஈரக் காலோடும்தான் நிற்கிறார்கள். அங்குள்ள கீசர், மோட்டார், ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் ஆர்.சி.சி.பி முதலில் வர வேண்டும். அந்த பில் ஜமாஅத்தாரின் காசு. அந்த உயிர்கள் ஜமாஅத்தாரின் பிள்ளைகள். இரண்டுமே அமானத்.

ஆர்.சி.சி.பி வாங்க வசதியில்லாத குடும்பங்கள், குறிப்பாகத் தனித்து வாழும் தாய்மார்களும் முதியவர்களும், தங்கள் ஜமாஅத் வழியாக அறக்கட்டளைக்குத் தெரிவிக்கலாம். வசதியுள்ளவர்கள் தங்கள் வீட்டுக்கு ஒன்று வாங்கும்போது இன்னொரு வீட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் வாட், ஆம்பியர் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 6-க்கு மேல் வரும் ஆம்பியரையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிடச் சொல்லுங்கள். வட்டமிட்டவை எந்த சாக்கெட்டில் மாட்டியிருக்கின்றன என்று அன்றே போய்ப் பாருங்கள்.

அல்லாஹ் நம் இல்லங்களைப் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.

— செயலாளர்